அடைக்கோழியின் 21 நாள்

விடியற்காலையில் கோழிக்கூட்டைத் திறக்கும்போது ஆச்சி எல்லாக் கோழிகளையும் ஒன்றாக வெளியே விடமாட்டாள். பலகையை ஒரு சாண் நகர்த்திக் கையை உள்ளே விட்டு, ஒவ்வொரு பெட்டையாகப் பிடித்து எடுப்பாள். இடது கக்கத்தில் கோழியை இடுக்கிக்கொண்டு, வலது கைச் சுண்டுவிரலால் அதன் பின்புறத்தை மெல்லத் தொட்டுப் பார்ப்பாள். விரல்நுனியில் கெட்டியாகத் தட்டுப்பட்டால் அந்தக் கோழிக்கு அன்று மேய்ச்சல் இல்லை; பஞ்சாரத்துக்குள் போய்விடும். தட்டுப்படாததை முற்றத்தில் இறக்கிவிடுவாள்.

"இது இன்னைக்கு இடாது மக்ளே. நாளைக்கு உச்சிக்கு மேலதான்."

மறுநாள் உச்சி சாய்ந்த பிறகு அந்தக் கோழி கொக்கரிக்கும். பூதப்பாண்டிப் பக்கம், தாடகை மலை தெரியும் புறவாசல் ஒன்றில் நான் கற்ற முதல் உயிரியல் பாடம் இது. பாடப்புத்தகத்தில் கோழியின் கருக்குழாய்ப் படத்தைப் பார்த்தது அதற்குப் பல வருடங்கள் கழித்து. ஆச்சியின் சுண்டுவிரல் சொன்னதைத்தான் அந்தப் படமும் சொன்னது.

கோழியின் உடலுக்குள் ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. சூலகத்தில் மஞ்சள் கருக்கள் சிறிதும் பெரிதுமாகக் குலைபோலத் தொங்கும். வீட்டில் கோழி அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்த காட்சிதான். அதில் முதிர்ந்த ஒன்று கழன்று கருக்குழாயின் புனல் போன்ற வாயில் விழுகிறது. கருவுறுவதானால் அந்த இடத்தில்தான், கால் மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். அதற்குச் சேவல் அன்றே கூடியிருக்க வேண்டிய தேவையில்லை. பெட்டையின் உடலில் விந்தணுக்களைச் சேமித்து வைக்க நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. ஒருமுறை கூடினால் இரண்டு வாரம் வரைக்கும் கருவுள்ள முட்டை கிடைக்கும். சேவலை விற்றுவிட்ட வீட்டிலும் அடுத்த பத்து நாள் இட்ட முட்டைகள் குஞ்சு பொரிப்பது இதனால்தான்.

அங்கிருந்து கீழிறங்கும் மஞ்சள் கருவைச் சுற்றி 3 மணி நேரம் வெள்ளைக் கரு சேர்கிறது. பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக, இரண்டு மெல்லிய சவ்வுகள். மிச்சமுள்ள 20 மணி நேரமும் ஓடு கட்டுவதற்கே போகிறது. அதாவது, இன்று இடப்போகும் முட்டைக்கு விடியும்போதே ஓடு கெட்டியாகிவிட்டிருக்கும். ஆச்சியின் விரலுக்குத் தட்டுப்பட்டது அந்த ஓடு.

முட்டை இட்டு அரை மணி நேரத்துக்குள் அடுத்த கரு கழன்றுவிடுகிறது. ஒரு சுற்று 24 மணி நேரத்தைத் தாண்டுவதால் நாளுக்கு நாள் இடும் நேரம் பின்னுக்குத் தள்ளிப்போகும். முதல் நாள் காலை எட்டு மணி என்றால் மறுநாள் ஒன்பது, ஒன்பதரை. அதற்கடுத்த நாள் இன்னும் பிந்தும். கருவைக் கழற்றிவிடும் இயக்குநீர் இரவின் சில மணி நேரத்துக்குள்தான் சுரக்கும். இடும் நேரம் பிற்பகலுக்கு நகர்ந்ததும் அந்தக் கெடு தவறிப்போகிறது. ஒரு நாள் இடைவெளி விழுகிறது. அதற்கடுத்த நாள் மறுபடியும் காலையிலிருந்து கணக்குத் தொடங்கும். "உச்சிக்கு மேலதான்" என்று ஆச்சி சொன்னதற்குள் இந்தக் கணக்கு முழுவதும் இருந்தது.

ஓட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. நாட்டுக்கோழியின் சிறிய முட்டையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. கோழியின் எலும்புக்கூடு முழுவதையும் எடுத்தாலும் அதிலுள்ள கால்சியம் 20 கிராம் அளவுதான். எலும்புகளிலுள்ள கால்சியத்தில் பத்தில் ஒரு பங்குக்கு ஈடானதை ஒரே இரவில் ஓடாகக் கட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் இரவில், இரைப்பை காலியாக இருக்கும் நேரத்தில் நடக்கிறது. அதற்காகவே முட்டையிடும் பருவத்தில் பெட்டையின் கால் எலும்புகளுக்குள் பஞ்சு போன்ற தனி எலும்பு ஒன்று வளர்கிறது. பகலில் அதில் கால்சியத்தைச் சேர்த்து வைத்து, இரவில் எடுத்துச் செலவழிக்கும். சேவலுக்கு இந்த எலும்பு கிடையாது. ஆகவே முட்டைக் கோழிக்குக் கால்சியம் தனியாகக் கிடைக்க வேண்டும். நம் குமரி மாவட்டத்தில் கடற்கரைக்குப் பஞ்சமில்லை. கிளிஞ்சலை நன்றாகக் கழுவி, இடித்து, குருணைபோல ஒரு சிரட்டையில் போட்டுவைத்தால் போதும். தேவைப்பட்டதைக் கோழியே தேடிவந்து கொத்திக்கொள்ளும்.

இப்படிப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்ட பிறகு ஒருநாள் கோழி கூட்டைவிட்டு எழுந்துவராது. கிட்டே போனால் இறகை எல்லாம் சிலிர்த்துக்கொண்டு கொர்கொர் என்று உறுமும். கையை நீட்டினால் கொத்தும். முட்டையை எடுத்துவிட்டாலும் வெறும் மண்ணின்மேல் படுத்துக்கொள்ளும். கோழி அடைக்கு விழுந்துவிட்டது.

அடை என்பதை ஒரு பிடிவாதமாக, சோம்பலாகப் பார்ப்பவர்கள் உண்டு. அது உடம்பு முழுவதையும் மாற்றும் ஒரு நிலை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் இயக்குநீர் பெருகுகிறது. தாய்மாரிடம் பால் சுரக்கச் செய்வதும் இதுவே. அமெரிக்க உயிரியலாளர் ஆஸ்கர் ரிடிலும் உடன் உழைத்தவர்களும் 1930களின் தொடக்கத்தில், புறாவின் இரைப்பையில் சுரக்கும் பாலை ஆராய்ந்துகொண்டிருந்தபோது இதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். 1935இல் அதைக் கோழிகளுக்கு ஊசியாகச் செலுத்திப் பார்த்தபோது, முட்டையிட்டுக்கொண்டிருந்த பெட்டைகள் அடைக்கு உட்கார்ந்தன. புரோலாக்டின் ஏறினால் சூலகம் சுருங்குகிறது, முட்டையிடுவது நிற்கிறது. வயிற்றில் ஒரு பகுதி இறகு உதிர்ந்து, அந்த வெற்றுத் தோலில் இரத்த ஓட்டம் கூடிச் சூடாகிறது. கொண்டையின் சிவப்பு வெளிறும். நாளுக்கு ஒரு தடவை எழுந்து, கால் மணி நேரத்தில் தின்று, தண்ணீர் குடித்து, எச்சமிட்டு, மண்ணில் குடைந்து குளித்துவிட்டுத் திரும்பும். 21 நாளில் உடம்பு இளைத்துவிடும்.

பண்ணைக் கணக்கில் இது நட்டம். அடைக்கு இருந்து, குஞ்சு பொரித்து, அவற்றை வளர்த்துவிட்டு மறுபடி முட்டைக்கு வர அந்தக் கோழிக்கு மூன்று மாதமாவது ஆகும். வருடத்துக்கு மூன்று, நான்கு ஈடு. ஆக 50, 60 முட்டைதான். இத்தாலியின் லிவோர்னோத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய வெள்ளை லெகார்ன் வழிவந்த பண்ணைக் கோழியோ வருடத்துக்கு 300 முட்டைக்குமேல் இடுகிறது. அடைக்கு விழும் கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து அந்த இனத்தை உருவாக்கியிருக்கிறார்கள். நாமக்கல்லின் முட்டை பள்ளிச் சத்துணவுத் தட்டுக்கு வந்து சேர்ந்ததில் இந்தத் தெரிவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோழிக்குத் தன் முட்டையைப் பொரிக்கத் தெரியாது. மின்சாரமும் பொரிப்பகமும் இல்லாவிட்டால் அதன் வம்சம் ஒரு தலைமுறையில் முடிந்துபோகும். தானே முட்டையிட்டு, தானே பொரித்து, தானே வளர்க்கும் கோழி இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் நம் வீடுகளின் புறவாசலில்தான். புறவாசல் கோழியைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் எழுதலாம் என்று யாராவது சொன்னால் நான் இந்த அடையைப் பற்றித்தான் எழுதுவேன்.

அடை வைப்பது எங்கள் வீட்டில் ஒரு சடங்கு மாதிரி நடக்கும். பழைய ஓலைக் கடவம் ஒன்றில் பாதிக்கு மணல், அதன்மேல் வைக்கோல். ஒற்றைப்படையில் முட்டை: பதினொன்று அல்லது பதின்மூன்று. ஓரத்தில் ஒரு இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, இரண்டு வற்றல் மிளகாய். இருட்டிய பிறகுதான் கோழியைத் தூக்கிவைப்பாள்; பகலில் வைத்தால் மிரண்டு எழுந்துவிடும், இரவில் இடம் மாறியது தெரியாமல் படிந்துவிடும்.

முட்டை பொறுக்குவதிலும் கவனம் உண்டு. ஏழு நாளுக்கு மேற்பட்ட முட்டையை ஆச்சி அடைக்குச் சேர்க்கமாட்டாள். அதுவரை சேரும் முட்டைகளை, அடியில் ஈர மணல் போட்ட மண்பானையில் வைத்திருப்பாள். நம் ஊர் வெக்கையில் இது மிகச் சரியான ஏற்பாடு. கருவுற்ற முட்டை கோழியின் வயிற்றிலிருந்து வெளியே வரும்போதே கரு பல்லாயிரம் உயிரணுக்களாகப் பிரிந்திருக்கும். குளிர்ந்த இடத்தில் அது வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும். 27, 28 டிகிரி வெப்பமுள்ள அறையிலோ முழுக்க உறங்கவும் முடியாமல், முழுக்க வளரவும் முடியாமல் அரைகுறையாக நகர்ந்து நலிந்துபோகும். ஈர மணல் ஆவியாகும்போது பானையின் உள்வெப்பம் சில டிகிரி தணிகிறது. கரு உறங்குகிறது.

ஆணியும் கரியும் இடிக்காக. ஐப்பசி இடியில் அடைமுட்டை கலங்கிப்போகும் என்பது நம்பிக்கை. இரும்புத்துண்டு இடியைத் தடுக்கும் என்பதற்கு அறிவியலில் இடமில்லை. ஆனால் ஐப்பசி அடையில் குஞ்சு குறைவாகப் பொரிப்பதற்கு வேறொரு காரணம் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. 21 நாளில் முட்டை தன் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை நீராவியாக அவற்றின் வழியே இழந்தாக வேண்டும். அப்படி இழந்தால்தான் முட்டையின் பருத்த முனையிலுள்ள காற்றறை பெரிதாகும். குஞ்சு முதல் மூச்சை இழுப்பது அந்த அறையில்தான். வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் நாள்களில் காற்றே நனைந்து கிடக்கும்போது நீர் வெளியேறுவது குறைகிறது. காற்றறை சிறுத்துப்போனால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும். ஆகவே மழைக்காலத்தில் அடை வைப்பவர்கள் கடவத்தைச் சுவரோரம் ஈரத்தரையில் வைக்காமல், காற்றோட்டமுள்ள உயரமான இடத்தில் வைப்பது நல்லது. ஆணியையும் போட்டுக்கொள்ளலாம், கெடுதல் ஒன்றுமில்லை.

கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி. வயிற்றின் வெற்றுத்தோல் பட்டு முட்டை 37, 38 டிகிரியில் நிற்கிறது. அது வெறுமனே படுத்திருப்பதில்லை. அலகால் முட்டைகளை நாளுக்குப் பல தடவை புரட்டும். ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் மாற்றும். புரட்டாவிட்டால் கரு, ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சி கெட்டுவிடும். பொரிப்பக இயந்திரங்கள் தட்டுகளை மணிக்கொரு தரம் சாய்ப்பது இந்தக் கோழியைப் பார்த்துத்தான்.

ஏழாம் நாள் இரவு ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசி வெளிச்சமும் போதும். விளக்கின் முகத்தைக் கையால் பொத்தி, விரலிடுக்கில் முட்டையின் பருத்த முனையை வையுங்கள். ஓடு ஒரு சின்ன விளக்குபோல எரியும். உள்ளே செந்நிற நரம்புகள் சிலந்திவலைபோல விரிந்திருக்க, நடுவில் ஒரு கரும்புள்ளி அசையும். அசைவது குஞ்சு. எதுவும் தெரியாமல் மஞ்சளாக ஒளிவிட்டால் அது கூமுட்டை, எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அழுகி வெடித்து மற்ற முட்டைகளையும் கெடுக்கும். 2300 வருடத்துக்கு முன்பு அரிஸ்டாட்டில், அடையில் இருந்த முட்டைகளை நாளுக்கு ஒன்றாக உடைத்துப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். மூன்றாம் நாளில் இரத்தப்புள்ளி ஒன்று துடிப்பதை அவர் கண்டார். அது இதயம். உண்மையில் இரண்டாம் நாளிலேயே துடிக்கத் தொடங்கிவிடுகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரிய இன்னொரு நாள் ஆகிறது.

இருபதாம் நாள் காதை முட்டையில் வைத்துக் கேட்டால் உள்ளிருந்து கீச்சொலி வரும். குஞ்சு காற்றறையின் சவ்வைக் குத்திக் கிழித்து நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கிவிட்டது. தாய் அதற்குத் தாழ்ந்த குரலில் பதில் சொல்லும். இருவரும் முகம் பார்க்கும் முன்பே குரல் பழகிவிடுகிறது. அலகின் நுனியில் அதற்கென்றே முளைத்த ஒரு சிறு கூர்மையால் குஞ்சு ஓட்டைத் தட்டித் தட்டி உடைக்கும். முதல் விரிசலுக்கும் வெளியே வருவதற்கும் நடுவில் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள் முழுக்க ஆகலாம்.

பத்து வயதில் அந்த நேரத்தைப் பொறுக்காமல் ஒரு முட்டையின் ஓட்டை நான் உரித்தேன். உதவுவதாக நினைப்பு. சவ்விலிருந்து இரத்தம் வந்தது. ஆச்சி ஓடிவந்து கையைத் தட்டிவிட்டாள். குஞ்சு மாலைவரை இருந்தது, பிறகு இல்லை. சவ்வின் நரம்புகளில் இருக்கும் இரத்தம் உடம்புக்குள் திரும்பவும், மிச்ச மஞ்சள் கரு முழுவதும் வயிற்றுக்குள் இழுபடவும் அந்த மணி நேரங்கள் தேவை. அந்த மஞ்சள் கருதான் குஞ்சின் கட்டுச்சோறு. பொரித்து இரண்டு மூன்று நாள் வரைக்கும் தீனி இல்லாமல் அது தாங்கும். முதலில் பொரித்தவை காத்திருக்க, கடைசி முட்டை பொரியும்வரை தாய் எழாமல் இருக்க முடிவது இதனால்தான். ஓடு வெடித்துவிட்டது என்று கண்டால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அதுதான் உதவி.

பொரித்த குஞ்சுக்குக் குருணை போதாது. வளர்ச்சிக்குப் புரதம் வேண்டும். அதற்கு நம் நாட்டு வழி கரையான். வாய் உடைந்த பழைய மண்பானைக்குள் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத்துண்டு எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, தோப்பில் கரையான் நடமாடும் செம்மண் தரையில் மாலையில் கவிழ்த்து வைக்க வேண்டும். மறுநாள் காலை நிமிர்த்தினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக ஊர்ந்துகொண்டிருக்கும். பானையைக் குஞ்சுகளின் நடுவே கொட்டும்போது தாய்க்கோழி செய்வதைக் கவனியுங்கள். ஒரு கரையானை அலகில் எடுக்கும், தின்னாது. கீழே போட்டு, மறுபடி எடுத்து, விட்டுவிட்டுக் கூப்பிடும். இது தீனி என்று குஞ்சுகள் படிக்கின்றன. சேவலும் பெட்டையை இப்படியே கூப்பிடும்.

பருந்து வட்டமிட்டால் குரல் வேறு. நீண்டு மெலிந்த ஒரே ஒலி. குஞ்சுகள் இருந்த இடத்தில் உறைந்துவிடும், அல்லது தாயின் இறகுக்குள் மறையும். கீரியோ நாயோ தரையில் வந்தால் வெட்டி வெட்டிக் கத்தும் இன்னொரு குரல். அப்போது கோழிகள் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்று பார்க்கும். மேலிருந்து வரும் ஆபத்துக்கும் கீழிருந்து வரும் ஆபத்துக்கும் கோழி தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் இந்தக் குரல்களை ஒலிபெருக்கியில் மட்டும் ஒலிக்கவிட்டபோதும் கோழிகள் அந்தந்தக் குரலுக்கு ஏற்றபடியே நடந்துகொண்டன. இது பண்ணையில் கற்ற பாடமல்ல. காட்டில் கற்றது.

அந்தக் காடு எது? வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. 2020இல் 863 கோழிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு வெளியான ஆய்வு, தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியான்மர் பகுதியில் வாழும் ஒரு துணையினத்தை அதன் நேரடி முன்னோராகக் காட்டியது. அதைத் தொடர்ந்து 2022இல், தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, கோழி மனிதரோடு சேர்ந்தது ஏறத்தாழ 3500 வருடத்துக்கு முன்புதான் என்று தொல்லியலாளர்கள் கணித்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு உடனே புரியும்: நெல். காட்டோரத்தில் நெல்லும் தினையும் விளைந்தபோது, சிந்திய மணிக்காக மரத்திலிருந்து இறங்கிய பறவை களத்தோடு தங்கிவிட்டது. கலப்பையின் பெயரைத் தாங்கிய நாட்டில், கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போக நெல்லும் அறுத்து அடித்த களங்களில் கோழி மேய்வதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது செய்தியாகவே படவில்லை.

இன்னொன்று நமக்கே உரியது. சிவப்புக் காட்டுக்கோழி கோதாவரிக்குத் தெற்கே இயல்பாக வாழ்வதில்லை. நம் மலைகளில், கீரிப்பாறை, பேச்சிப்பாறைக் காடுகளில் இருப்பது சாம்பல் காட்டுக்கோழி. அது நம் சேவலைப்போலக் கூவாது. வெட்டி வெட்டிச் சிரிப்பதுபோல ஒரு குரல். இந்தப் பறவை வீட்டுக்கோழிக்கு உறவில்லை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2008இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தவர் முன்னின்று நடத்திய ஆய்வு அதை மாற்றியது. கீரையிலும் மக்காச்சோளத்திலும் உள்ள மஞ்சள் நிறமியைச் சிவப்புக் காட்டுக்கோழியின் தோல் சிதைத்துவிடும். பல வீட்டுக்கோழிகளின் தோலில் அது சிதையாமல் தங்கி, காலை மஞ்சளாக்குகிறது. அதற்குக் காரணமான மரபணு வடிவம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்கிறது. உங்கள் புறவாசலில் மஞ்சள் கால் பெட்டை ஒன்று நின்றால் அதன் காலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தென்னிந்தியக் காடு அதில் ஒட்டியிருக்கிறது.

நெல்லோடு வந்த கோழி நெல்லைப் பற்றியே மனிதருக்கு ஒன்று கற்றும் கொடுத்தது. 1890ஐ ஒட்டிய வருடங்களில் ஜாவாவின் படேவியாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், கைகால் விளங்காமல் போகும் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளே கால் துவண்டு விழுந்தன. சில மாதத்தில் தாமாகவே தேறின. விசாரித்தபோது, இடையில் கொஞ்சநாள் மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைப் போட்டிருந்தது தெரிந்தது. தீட்டாத அரிசிக்குத் திரும்பியதும் கோழிகள் எழுந்தன. தவிட்டில் இருந்தது பி1 வைட்டமின். எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லைப் புழுக்கும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டார் புழுங்கலரிசி தின்று, கோழிக்குத் தவிடு வைத்த வீடுகளில் இருவரும் தப்பித்தார்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடக்கூடும். மாசி, பங்குனியில் வெயில் ஏறும்போது கோழி தூங்கி விழும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பிழைத்தால் கழுத்து முறுக்கிக்கொள்ளும். வெள்ளைக் கழிச்சல். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் நோய், அடுத்த ஓரிரு வருடத்தில் இமயமலைச் சாரலின் ராணிகேத்தில் காணப்பட்டது. அந்த ஊர்ப்பெயரே இந்தியாவில் நோய்க்குப் பெயரானது. வந்த பிறகு மருந்து இல்லை. தடுப்பூசி உண்டு, நல்ல தடுப்பூசி. ஏழாம் நாளில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தால் அதன் எதிர்ப்புப் பொருள் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கும் இறங்கி முதல் சில நாள்களைக் காக்கும். அந்தப் பாதுகாப்பு தேயும் நேரம் பார்த்துத்தான் முதல் சொட்டு.

பிறகு ஏன் புறவாசல் கோழிகள் இன்னும் சாகின்றன? தடுப்பூசி மருந்து உயிருள்ள வைரஸ். குளிர்பெட்டியில் வைத்தாக வேண்டும், கரைத்தால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். புட்டி பெரும்பாலும் 100 கோழிக்கானது. ஆறு கோழி வைத்திருப்பவருக்கு அதை வாங்கி 94 பங்கை மண்ணில் ஊற்ற மனம் வருமா? விஞ்ஞானம் தோற்ற இடம் இதுவல்ல. புட்டியின் அளவு கோழிப் பண்ணைக்காக அமைந்தது, அவ்வளவே. குளிர்ச்சியும் ஊசியும் வேண்டாத குருணை வடிவத் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நாட்டுக்கோழிகளை மனத்தில் வைத்தே உருவாக்கியது. தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை வருடந்தோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் கழிச்சல் தடுப்பூசி முகாமும் நடத்துகிறது; அதற்குக் காசு வாங்குவதில்லை.

என் வேண்டுகோள் இதுதான். தை பிறந்ததும் உங்கள் தெருவில் கோழி வைத்திருக்கும் வீடுகளை எண்ணுங்கள். பதினைந்து வீடு சேர்ந்தால் ஒரு புட்டி தீரும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முகாம் நாளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்று விடியுமுன், கூட்டைத் திறப்பதற்கு முன்னால், கோழிகளை ஓலைக் கடவத்தில் மூடி எடுத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து போங்கள். திறந்துவிட்ட பிறகு பிடிக்க முடியாது.